மாளிகைக்கு நலங்கு வைத்த கதை

எரிகிற சூடத்தை உள்ளங்கையால் அணைத்துச் செய்யும் சத்தியம் இது: இந்தக் கதையில் ஒரு சொல்கூடப் பொய் கிடையாது. கூட்டியதும் இல்லை, குறைத்ததும் இல்லை. யானை வருகிற இடத்தில் யானைதான் வந்தது.

முன்னொரு காலத்தில், உச்சிக் கோடையில், வீரகேது மகாராஜா பல்லக்கில் போய்க்கொண்டிருந்தபோது தும்மினார். ராஜாத் தும்மல் என்பதால் வழியில் நின்ற இரண்டு பனைமரங்கள் சாய்ந்தன. அது வழக்கம்தான், யாரும் கண்டுகொள்ளவில்லை. ஆனால் அன்று தெருமுனையில் புதுச் சுண்ணாம்பு பூசி நின்ற ஒரு மாளிகை, அந்தத் தும்மலை வாங்கி அப்படியே திருப்பித் தும்மியது.

"நிறுத்துங்கள் பல்லக்கை!" என்றார் ராஜா. "நான் தும்மினால் மந்திரிகள் 'நூறாண்டு வாழ்க' என்று சொல்வதோடு சரி. இந்த வீடு ஒன்றுதான் கூடவே தும்முகிறது. இது எனக்கு வேண்டும்."

மாளிகை கஜானா அதிகாரி விடங்கருடையது. பல்லக்கின் பக்கத்திலேயே அவரும் நடந்து வந்துகொண்டிருந்தார். உடனே விலை பேசினார்கள். பேசினார்கள் என்றால், விடங்கர் சொன்னார், ராஜா தலையாட்டினார். நடுத்தெருவிலேயே தாம்பூலம் மாற்றிக்கொண்டார்கள். வரும் பௌர்ணமியன்று கிரய ஓலையில் முத்திரை வைப்பது என்று முடிவாயிற்று. அதுவரைக்கும் வீடு விடங்கருடையது, வாக்கு ராஜாவுடையது.

அந்தச் சபையின் விகடகவி கூத்தபிரான். விடங்கருக்கு அவரைக் கண்டால் ஆகாது. விடங்கர் கணக்கு வாசித்தால் ராஜா கொட்டாவி விடுவார். கூத்தபிரான் கொட்டாவி விட்டாலே ராஜா சிரிப்பார். எந்த அதிகாரிதான் இதைப் பொறுப்பார்?

மறுநாள் சபையில் விடங்கர் கைகட்டி நின்றார்.

"மகாராஜா, கிரயம் ஆகும்வரை மாளிகையைக் கவனிக்கும் பொறுப்பை நமது விகடகவியிடம் ஒப்படைக்கலாம். பின்னால் ஏதேனும் குறை தெரிந்தால், கவனிக்கத் தவறியவரை நாடு கடத்திவிடலாம்."

"நியாயம்."

"ஆனால் தாம்பூலம் மாற்றியாயிற்று. வீடும் பெண்ணும் ஒன்று. நிச்சயம் ஆன பெண்ணைப் பற்றிக் குறை பேசுவது மகாராஜாவின் வாக்கையே பழிப்பதாகும். அப்படி ஒரு சொல் சொன்னாலும் நாடு கடத்திவிடலாம்."

"அதுவும் நியாயம்தான்" என்றார் ராஜா. நாடு கடத்துவதில் அவருக்கு எப்போதுமே ஒரு பிரியம்.

கூத்தபிரானுக்குப் பொறி புரிந்துவிட்டது. குறை சொன்னால் எல்லை தாண்ட வேண்டும், சொல்லாவிட்டாலும் எல்லை தாண்ட வேண்டும். குறை இல்லாமலும் இருக்காது. பண்டிகையும் இல்லை, விசேஷமும் இல்லை; வேகிற வெயிலில் ஒரு வீட்டுக்குப் புதுச் சுண்ணாம்பு அடித்திருக்கிறார்கள் என்றால், அந்தச் சுண்ணாம்புக்கு அடியில் ஏதோ படுத்திருக்கிறது என்று அர்த்தம்.

"மகாராஜா, ஒரு சந்தேகம். அந்த மாளிகையை நிச்சயம் செய்த பெண்ணாகவே நடத்த வேண்டுமா?"

"ஆம்."

"கல்யாண முறைகளில் ஒன்றிரண்டை விட்டுவிடலாமா?"

"ஒரு முறை விடுபட்டாலும் அதற்கும் நாடு கடத்துவேன்."

"உத்தரவு" என்று கூத்தபிரான் வணங்கினார். அவர் ஏன் புன்னகைக்கிறார் என்று விடங்கருக்கு விளங்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் மனைவி செங்கமலம் வாசலிலேயே பிடித்துக்கொண்டாள். சேதி அவருக்கு முன்பே வந்து சேர்ந்திருந்தது.

"என்ன, மூட்டை கட்டட்டுமா?"

"கட்டு. சீர்வரிசை மூட்டையா கட்டு. ஆமா, உன்னைப் பொண்ணு பாக்க வந்தப்போ எங்க ஆளுங்க என்னென்ன பண்ணாங்க?"

"கேக்கணுமா? உங்க அத்தை என் சடையை இழுத்துப் பாத்தாங்க, சவுரியோன்னு. நடக்கச் சொன்னாங்க, பாடச் சொன்னாங்க. அதோட விட்டாங்களா? பக்கத்து வீட்டுல போயி எனக்கு வாய் நீளமான்னு விசாரிச்சாங்க."

"அவங்க என்ன சொன்னாங்க?"

"அதான் என்னைக் கட்டி வெச்சுட்டாங்களே. தங்கமான பக்கத்து வீடு."

கூத்தபிரான் மேற்கொண்டு விசாரிக்கவில்லை. செங்கமலமே தொடர்ந்தாள்.

"இன்னொண்ணு. பங்காளிங்களுக்கு மொத வெத்தலை வெச்சிருங்க. விட்டுப்போச்சுன்னா முகூர்த்தத்துல வந்து நின்னு மானத்தை வாங்கிடுவாங்க."

"நீ சபைக்கு வந்தா நான் வீட்டுல சமைச்சுக்கிட்டு இருப்பேன்."

"ஐயோ, அந்தக் கொடுமை வேண்டாம்."

நல்ல நாள் பார்த்து, மேளதாளத்தோடு மாளிகைக்குப் பெண் பார்க்கப் போனார்கள். மாப்பிள்ளை வீடு என்பதால் ராஜாவும் போனார். செங்கமலமும் பத்துப் பதினைந்து பெண்களும் கூடத்தில் உட்கார்ந்து, தூணைப் பார்த்து, "ஒரு பாட்டுப் பாடும்மா" என்றார்கள். தூண் பேசாமல் நின்றது.

"வெக்கப்படுது" என்று செங்கமலம் வளைக்கையால் ஒரு தட்டுத் தட்டினாள். டொம் என்றது. அடுத்த தூண் டம் என்றது. எல்லாத் தூண்களையும் தட்டி முடிப்பதற்குள் நாட்டியக்காரி ஒருத்தி தவறிப்போய் ஆடத் தொடங்கிவிட்டாள். தூண்களின் வயிற்றைக் கரையான் எப்போதோ தின்று தீர்த்திருந்தது. ராஜா மூக்கைத் தடவிக்கொண்டார். தம் தும்மல் எங்கே போய்விட்டுத் திரும்பி வந்தது என்பது அவருக்கு லேசாக உறைத்தது.

பிறகு சடையை இழுத்துப் பார்க்கும் முறை. செங்கமலம் தாழ்ந்திருந்த உத்தரத்தின் நுனியைப் பிடித்தாள். ஒரு பிடி கையோடு வந்தது.

"ரொம்ப மென்மையான பொண்ணு" என்றாள்.

விடங்கர் பல்லைக் கடித்தார். இதைக் குறை என்று சொல்ல அவருக்கே வாய் வரவில்லை. சொன்னால் நாடு கடத்துவார்களே.

இதற்குள் ராஜா புது மாளிகைக்காக ஒரு தங்க ஊஞ்சல் செய்யச் சொல்லியிருந்தார். கஜானாவில் பாதி அதற்கே போகும். கூத்தபிரான் ஓடிப்போய், "மகாராஜா, தாலி கட்டுவதற்கு முன்பே தொட்டில் செய்வார்களா? ஊர் என்ன பேசும்?" என்றார். ராஜாவுக்கு வெட்கமாகிப்போய் ஊஞ்சலை நிறுத்திவிட்டார்.

அடுத்தது நலங்கு. மணப்பெண்ணுக்கு மஞ்சள் பூசி நீராட்ட வேண்டும். மாளிகை அளவுக்குச் செம்பு கிடைக்காததால் பட்டத்து யானைகளை வரவழைத்தார்கள். யானைகள் குளத்து நீரில் மஞ்சளைக் கரைத்து, துதிக்கை நிறைய எடுத்து, கூரைமேல் வீசத் தயாராக நின்றன.

"வேண்டாம் மகாராஜா!" என்று விடங்கர் கூடத்தில் நின்று அலறினார். "பெண்ணுக்கு ஜலதோஷம் பிடித்துவிடும்!"

"இந்த வெயிலிலா?" என்றார் ராஜா.

தண்ணீர் விழுந்தது. கூரைமேல் விழுந்த அதே வேகத்தில் கூடத்திலும் விழுந்தது. ராஜா மஞ்சள், மந்திரிகள் மஞ்சள், விடங்கர் அதிலும் மஞ்சள். ஒரு யானை ஆர்வத்தில் துதிக்கையைக் கூரை வழியாகவே உள்ளே விட்டு, விடங்கரின் தலைப்பாகையை எடுத்துக்கொண்டு போயிற்று. அது இன்றுவரை கிடைக்கவில்லை.

கூத்தபிரான் வாயைத் திறக்கவில்லை. நேரே தண்டோராக்காரனிடம் போனார்.

"இதனால் சகலருக்கும் அறிவிப்பது! விடங்கர் மாளிகைக்கு முகூர்த்தம். அந்த மாளிகைக்குப் பங்காளி, சம்பந்தி, எந்த முறை உள்ளவரும் வந்து வெற்றிலையும் பட்டு வேட்டியும் வாங்கிக்கொள்ளலாம்!"

ரகசியமாக உரிமை வைத்திருப்பவன்கூட வேட்டி என்றால் வெளியே வந்துவிடுவான். முதலில் வந்தவர் விடங்கரின் அண்ணி பூரணத்தம்மாள்.

"கொழுந்தனாரே, பாதி வீடு உங்க அண்ணனோடது. வெத்தலையே இன்னைக்குத்தான் என் கைக்கு வருது. அதுக்குள்ள வீட்டை யாரைக் கேட்டு நிச்சயம் பண்ணீங்க?"

அந்த அம்மாளுக்குப் பின்னால் அடுத்த வீட்டுக்காரர் வந்தார். கிணற்றுக்குப் போகும் பாதை அவருடையதாம். அவருக்கும் பின்னால் வரிசை நின்றது. அது கோட்டைவாசலைத் தாண்டி, அடுத்த நாட்டுக்குள் கொஞ்சம் போயிருந்தது.

பௌர்ணமியும் வந்தது. கிரய ஓலை விரித்தாயிற்று. ராஜா முத்திரையைக் கையில் எடுத்தார். கூத்தபிரான் குறுக்கே வந்தார்.

"தாலி கட்டுமுன் பெண்ணின் முகத்தை ஒருமுறை பார்த்துவிடுவது முறை, மகாராஜா. மணவறையில் பெண்ணை மாற்றி உட்கார வைப்பதும் உண்டு."

போய்ப் பார்த்தார்கள். முந்தின நாள்வரை இருந்த தேக்குக் கதவுகளைக் காணோம். கிணற்றில் கப்பியைக் காணோம். அடுக்களையில் அம்மிகூட இல்லை.

"பெண்ணின் நகையெல்லாம் எங்கே, விடங்கரே?" என்றார் ராஜா.

"அவை… குடும்பச் சொத்து, மகாராஜா."

ராஜாவின் முகம் சிவந்தது. "கூத்தபிரானே! இத்தனை குறையையும் நீர் ஏன் சொல்லவில்லை?"

"குறையா? நான் ஒரு குறையும் சொல்லவில்லை, மகாராஜா. அதற்குச் சபையே சாட்சி. கல்யாண முறைகளில் ஒன்றையும் விடவும் இல்லை. கிரயமும் ஆகவில்லை. என்னை எந்தக் காரணத்துக்காக நாடு கடத்துவதென்று கஜானா அதிகாரிதான் சொல்ல வேண்டும்."

விடங்கர் மெல்ல வாசல் பக்கம் நகர்ந்தார்.

"ஆனால் நான் வாக்குக் கொடுத்துவிட்டேனே" என்று ராஜா தவித்தார். "தாம்பூலத்தைத் திருப்பினால் என் பெயர் என்னாவது?"

"திருப்ப வேண்டாம். நிச்சயம் ஆன பெண்ணுக்கு உடம்பு சரியில்லை, அவ்வளவுதான். குணப்படுத்துவது பெண்ணைப் பெற்றவர் செலவு. கூரையை மாற்றட்டும், தூணை மாற்றட்டும், நகையைப் பூட்டட்டும், பங்காளிகளைச் சமாதானம் பண்ணட்டும். அதுவரை முகூர்த்தத்தைத் தள்ளிவைப்போம். நோயாளிப் பெண்ணைத் தனியாக விடக்கூடாது; பெற்றவர் இரவும் பகலும் பக்கத்திலேயே படுத்திருக்க வேண்டும்."

அந்த நேரம் பார்த்து மேற்கே இடி இடித்தது. விடங்கர் தலையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

ராஜா சிரிக்கத் தொடங்கினார். சிரித்த சிரிப்பில் மாளிகையின் எஞ்சிய சுண்ணாம்பும் உதிர்ந்து விழுந்தது. தம் தோளிலிருந்த பீதாம்பரத்தைக் கூத்தபிரானுக்குப் போர்த்தி, கைக்காப்பைக் கழற்றிச் செங்கமலத்திடம் கொடுத்தார். இனி யார் வீடு வாங்கினாலும், தாம்பூலத்துக்கும் முத்திரைக்கும் நடுவில் கூத்தபிரான் வைத்த முறைகள் அத்தனையும் நடந்தே தீர வேண்டும் என்று சட்டமும் போட்டார். அந்தச் சட்டத்தை அந்த நாட்டில் ஒருவர்கூட மீறியதில்லை.

அந்த நாட்டில் வீடுகள் எல்லாமே ராஜாவுக்குச் சொந்தம். வீட்டை விற்பது, வாங்குவது என்ற வழக்கமே அங்கே ஒருநாளும் இருந்ததில்லை. பிறகு இந்தக் கதை எப்படி நடந்தது என்று கேட்காதீர்கள்; சூடத்தை அணைத்தாயிற்று.