குளக்கரை வரைக்கும் எட்டும் பெட்டி

குளக்கரை மேட்டில் முயல்கள் வளை தோண்டிக் குடியிருந்தன. மேட்டுக்கு அந்தப் பக்கம் காடு. இந்தப் பக்கம் ஒரு பங்களாவின் தோட்டம். காட்டில் ஒரு காட்டுப்பூனை இருந்தது. அதற்கு முயல்குட்டி என்றால் உயிர்.

பூனைக்குப் பயந்து முயல்கள் ஓர் ஏற்பாடு செய்திருந்தன. வளைக்கு வளை நீளமாக ஒரு கொடியை இழுத்துக் கட்டி, ஒவ்வொரு வாசலிலும் காய்ந்த வாகை நெற்றுகளைத் தொங்கவிட்டிருந்தன. மேட்டு உச்சியில் ஒரு முயல் காவல் இருக்கும். பூனையின் வால் நுனி தெரிந்தாலும் கொடியைப் பிடித்து இழுக்கும். எல்லா வாசலிலும் நெற்றுகள் கலகலக்கும். தாய் முயல்கள் குட்டிகளைக் கவ்விக்கொண்டு உள்வளைக்கு ஓடிவிடும்.

கொடி என்றால் காயும், இற்றுப்போகும். அதனால் தினமும் சாயங்காலம் ஒரு வீட்டுக்கு முறை. முறைக்காரர் கொடி நெடுக நடந்து, இற்ற இடத்தைக் கடித்துப் போட்டுவிட்டுப் புதுக்கொடியை முடிச்சுப் போட வேண்டும். அலுப்பான வேலை. யாரும் ஒரு வார்த்தை பாராட்டாத வேலை. ஆனால் அது நடந்த வரைக்கும் பூனை பட்டினியாகத்தான் திரும்பிப் போனது.

ஒரு நாள் மைனா பறந்து வந்தது. அது பங்களாவின் ஜன்னலோரம் குடியிருக்கிற மைனா. ஊர்வம்பு கேட்காவிட்டால் அதற்குத் தூக்கம் வராது.

"சேதி தெரியுமா? பங்களாவுக்குப் புதுப் பெட்டி ஒண்ணு வரப்போகுது! விளக்கு, கதவு, கேமரா, மணி எல்லாத்தையும் அந்த ஒரே பெட்டி பார்த்துக்குமாம். நடுவுல கம்பியே கிடையாதாம்!"

"கம்பி இல்லாம எப்படிப் பேசும்?" என்று கேட்டது நெட்டைக்காதன். அந்த மேட்டில் எதையும் முதலில் பேசுகிற முயல் அதுதான்.

"காத்துலயே பேசுமாம்! பங்களாக்காரர் தன் பெண்சாதிகிட்ட படிச்சுக் காட்டினார். இந்த மாடல் குளக்கரை வரைக்கும் எட்டுமாம். யாராவது உள்ளே நுழைஞ்சா உடனே சொல்லிடுமாம்!"

"குளக்கரை வரைக்குமா? அப்படின்னா நமக்கும் சேர்த்துத்தான்!" என்று குதித்தது நெட்டைக்காதன்.

பெட்டி இன்னும் கடைக்கே வரவில்லை. பங்களாக்காரரே அதைக் கண்ணால் பார்த்ததில்லை. அவரும் யாரோ எழுதியதைப் படித்துவிட்டுத்தான் வாயைப் பிளந்துகொண்டிருந்தார். அதற்குள் மேட்டில் பேச்சு வளர்ந்துவிட்டது. இலை அசைந்தாலே அதற்குத் தெரியும் என்றது ஒரு முயல். பூனை மனசில் நினைத்தாலே மணி அடிக்கும் என்றது இன்னொன்று. பெட்டியோடு முதலில் யார் வளையை இணைப்பது என்று இரண்டு வீட்டுக்காரர்கள் அடித்துக்கொண்டு, பேச்சுவார்த்தையே நின்றுபோனது.

கொடி முறையும் நின்றுபோனது. "தூக்கிப் போடப்போற கொடிக்கு முடிச்சு எதுக்கு?" என்றது நெட்டைக்காதன். எல்லோருக்கும் அது நியாயமாகப் பட்டது. சோம்பேறிக்கு நியாயம் கிடைத்துவிட்டால் கேட்கவா வேண்டும்!

சாம்பி என்ற தாய் முயல் மட்டும் கொடியை முடிந்துகொண்டிருந்தது. அதற்கு நான்கு குட்டிகள். இன்னும் கண் திறக்காத குட்டிகள். தன் முறை வராத நாளிலும் சாம்பி கொடி நெடுக நடந்தது. குட்டிகளைத் தனியாக விட்டுவிட்டு நடப்பதுதான் அதற்கு வேதனை.

"ஏன் சாம்பி, எல்லாரும் விட்டாச்சு, நீ மட்டும் எதுக்கு உசிரை விடுறே?" என்று சிரித்தது நெட்டைக்காதன். "குட்டிகளுக்குப் பால் கொடுத்துக்கிட்டு வீட்டுல இரு! பெட்டி வந்துடும்!"

சாம்பிக்கு அசதி. குட்டிகள் வேறு கத்திக்கொண்டிருந்தன. "அதுவும் சரிதானே" என்று நினைத்து வளைக்குள் போய்ப் படுத்துக்கொண்டது. அதைக் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

கொடி அங்கங்கே அறுந்து கிடந்தது. பச்சையாக இருந்த துண்டுகளை வீணாக்குவானேன் என்று முயல்கள் தின்றும்விட்டன. தங்கள் காவலைத் தாங்களே மென்று விழுங்கிய பிராணிகளை அந்தக் காடு அதற்குமுன் பார்த்ததில்லை.

பெட்டியின் பெருமை காட்டுப்பூனையின் காதுக்கும் போனது. பூனை நடுங்கித்தான் போயிற்று. நேராக மைனாவிடம் வந்து, மரத்தடியில் பவ்யமாக உட்கார்ந்தது.

"மைனா, அந்தப் பெட்டி என்னைப் பார்த்தா என்ன செய்யும்?"

"பங்களாக்காரரோட போனுக்குச் சேதி சொல்லும்!"

"யாருக்கு? அவருக்கு மட்டுமா?"

"பின்னே? அவர் வாங்கின பெட்டியாச்சே!"

"அவர் என்ன செய்வார்?"

"அது எனக்குத் தெரியாதே! இதுவரைக்கும் யாரும் கேக்கலையே!" என்றது மைனா.

பூனை மீசையை நக்கிக்கொண்டு எழுந்து போனது. அத்தனை நாளில் கேட்க வேண்டியதைக் கேட்டது அது ஒன்றுதான்.

ஒரு வழியாகப் பெட்டி வந்து சேர்ந்தது. வெள்ளையாக, கையடக்கமாக இருந்தது. சுவரில் செருகியதும் நீல விளக்கு எரிந்தது. அன்று சாயங்காலம் முயல்களுக்குத் திருவிழா! "இனிமே காவலும் வேண்டாம்!" என்று கத்தியது நெட்டைக்காதன். மேட்டு உச்சியில் இருந்த முயலும் இறங்கி வந்து ஆட்டத்தில் சேர்ந்துகொண்டது.

பொழுது சாய்கிற நேரம். பூனை காட்டிலிருந்து வெளியே வந்தது. தோட்டக் கோடியில் இருந்த கேமராவுக்கு நேரே போய் நின்று பார்த்தது.

பெட்டி சொன்னபடியே வேலை செய்தது. அந்த நொடியே பங்களாக்காரரின் போன் கூப்பிட்டது. அவர் எடுத்துப் பார்த்தார்.

"அடியே, இங்க வா! காட்டுப்பூனை! எவ்வளவு அழகா இருக்கு பாரு!" என்றார்.

"ஐயோ, ஆமாங்க! கண்ணு எப்படி மின்னுது!" என்றாள் மனைவி.

இரண்டு பேரும் சந்தோஷமாகப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கதவு திறக்கவில்லை. கல் ஒன்றும் பறந்து வரவில்லை. பூனை சற்று நேரம் நின்றது. பிறகு நிதானமாக மேட்டின் மேல் ஏறியது.

முதல் வளை சாம்பியுடையது. குட்டிகள் வாசலோரம் கிடந்தன. சாம்பி ஒரு குட்டியைக் கவ்வியது. கவ்விய குட்டி நழுவியது. இன்னொன்றைத் தேடித் திரும்பியபோது பூனையின் முகம் வாசலை அடைத்துக்கொண்டிருந்தது.

மற்ற முயல்கள் ஆட்டத்தை விட்டுச் சிதறி ஓடி, உள்வளைகளில் ஒண்டிக்கொண்டு உயிர் பிழைத்தன. சாம்பி காலில் காயத்தோடு பிழைத்தது. நான்கு குட்டிகளும் போயின.

விடிந்ததும் மைனா வந்தது. எப்போதும் கத்திக்கொண்டே வருகிற மைனா அன்று மெதுவாகத்தான் பேசியது.

"பெட்டி மேல தப்பு இல்ல, சாம்பி. அது பூனையைப் பார்த்துச்சு. சொல்ல வேண்டியவர்கிட்ட சொல்லிடுச்சு."

"எங்கிட்ட சொல்லலையே, மைனா!"

"உன்னை அதுக்குத் தெரியாதே, அம்மா."

நெட்டைக்காதன் தலையைக் குனிந்துகொண்டு நின்றது. சாம்பி யார் முகத்தையும் பார்க்கவில்லை. அதன் மடியில் பால் கட்டியிருந்தது. குடிக்கத்தான் யாரும் இல்லை.

நீதி: வரப்போவது யாருக்காக வருகிறது என்று கேட்காமல், இருக்கிற காவலைக் கைவிடாதே.