ஒரு வெற்றிலைக்காக ஒரு சட்டம்

அநியாயம் நடந்தது ஆழித்துறை உப்பளக்காரர்களுக்கு. தீவுக்குப் போக வேண்டிய உப்பு கரையில் குவிந்து கிடக்க, படகுகளை அரண்மனைக் காவலர் கட்டிப்போட்டுவிட்டார்கள். மழை வந்தால் உப்போடு ஒரு வருஷத்துப் பிழைப்பும் கரைந்துபோகும். இத்தனைக்கும் காரணம் ஒரே ஒரு வெற்றிலை.

அந்தக் கடற்கரை நாட்டை அப்போது ஆண்டுகொண்டிருந்தவர் கெம்பீரமாறன் என்கிற ராஜா. பட்டத்துக்கு வந்த புதிதில் சங்குத்தீவு ராஜாவோடு ஓர் உடன்படிக்கை செய்திருந்தார். நம் உப்பு அங்கே போகும், அவர்கள் தேங்காய் இங்கே வரும், இரண்டு பக்கமும் சுங்கம் கிடையாது. அந்தக் காலத்து ராஜாக்களுக்கு ஓலையில் நம்பிக்கை இல்லை. பெண் கொடுத்துப் பெண் எடுத்தால்தான் ஒப்பந்தம் நிற்கும் என்பார்கள். அதன்படி ராஜாவின் அக்காள் உலகநங்கை தீவுக்கு வாழ்க்கைப்பட்டாள். தீவு ராஜாவின் தங்கை சங்கவல்லி இங்கே ராணியானாள். அந்த இரண்டு பெண்களிடமும் யாரும் சம்மதம் கேட்டதாகத் தகவல் இல்லை.

இந்த வருஷம் தீவில் நடந்த உடன்படிக்கை விருந்தில், நம் ராஜாவுக்கு வர வேண்டிய முதல் வெற்றிலையைத் தீவு ராஜா தன் கிழட்டு மாலுமி ஒருவனிடம் நீட்டிவிட்டார். அவ்வளவுதான். எழுந்த நம் ராஜா ஊர் வந்துதான் உட்கார்ந்தார்.

அமைச்சர் பெருநாச்சியின் பேச்சு சபையில் எடுபடுவதே பிடிக்காத இன்னோர் அமைச்சர் பூவணராயர், இதுதான் சமயம் என்று மறுநாளே ஒரு சட்டம் எழுதிக்கொண்டு வந்தார். ‘நாம் விலகினோம். கொடுத்ததெல்லாம் திரும்பி வரும். வாங்கியதெல்லாம் திரும்பிப் போகும்.’ சபை கைதட்டியது. உப்பளக்காரர்களை ஒரு வார்த்தை கேட்டீர்களா என்றாள் பெருநாச்சி. உப்பு விற்கிறவனுக்கு ராஜ கௌரவம் புரியுமா என்று ராயர் சிரிக்க, ராஜாவும் சேர்ந்து சிரித்தார். அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனாலும் தலையை ஆட்டிவிட்டு, சட்டத்தை நிறைவேற்றும் பொறுப்பைத் தானே கேட்டு வாங்கிக்கொண்டாள்.

மூன்றாம் நாள் ராஜா கண் விழித்தபோது அவர் கட்டிலை நான்கு பேர் வெளியே தூக்கிக்கொண்டிருந்தார்கள். வாசலில் பல்லக்கு, உள்ளே ராணி. அங்கே போனால் மீன் குழம்பில் தேங்காயாவது இருக்கும் என்று தோழிகளிடம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

“யார் செய்த வேலை இது?” என்றார் ராஜா.

“உங்கள் சட்டம் செய்த வேலை, மகாராஜா” என்றாள் பெருநாச்சி. “தீவிலிருந்து வாங்கியது போகிறது. தீவுக்குக் கொடுத்தது வருகிறது. உங்கள் அக்காள் கல்யாணத்துக்கு முன் இருந்த அறை இதுதானே, அவருக்காகக் காலி செய்கிறோம்.”

ராஜாவின் கை தானாகக் காதுக்குப் போனது. முடிசூட்டிய அன்று, கிரீடத்தோடு நின்றவரை “டேய், நிமிர்ந்து நில்லுடா” என்று அதட்டி, சபை நடுவே காதைத் திருகியவள் உலகநங்கை.

“சட்டம் வியாபாரத்துக்குத்தான். குடும்பத்துக்கு இல்லை” என்றார் ராஜா, குரல் இறங்கி.

அரண்மனைக்கு மட்டும் விலக்கு என்று ஒரு வரி சேர்த்துவிடலாமே என்று ராயர் ஓலையை விரித்தார்.

“சேருங்கள், ராயரே” என்றாள் பெருநாச்சி. “அரண்மனை இல்லாதவர்களுக்கு மட்டுமே இந்தச் சட்டம் என்று தெளிவாகவே எழுதுங்கள். துறையில் நின்று நானே உரக்கப் படிக்கிறேன்.”

ராஜா ராயரை ஒருமுறை பார்த்தார், பல்லக்கை ஒருமுறை பார்த்தார். பிறகு ஓலையைப் பிடுங்கிக் கிழித்தார். இனி எந்த உடன்படிக்கையிலிருந்து விலகுவதானாலும் அதில் பிழைக்கிறவர்கள் சபைக்கு வந்து சம்மதிக்க வேண்டும் என்று அங்கேயே புதுச் சட்டம் போட்டு, தன் முத்திரை மோதிரத்தைக் கழற்றிப் பெருநாச்சியிடம் தந்தார். ‘உங்களைத் திருப்பி அழைக்கவில்லை’ என்று உலகநங்கையிடம் நேரில் சொல்லிவர ராயருக்குக் கட்டளையானது. ராயர் தலைப்பாகையைக் காது மறைய இழுத்துக் கட்டிக்கொண்டு கிளம்பினார்.

படகுகள் மட்டும் பாக்கி. கிழக்கே மேகம் திரண்டுகொண்டிருந்தது. ராஜா தயங்கினார்.

“முந்தாநாள் கட்டிய படகை இன்றைக்கே அவிழ்த்துவிட்டால் ஊர் சிரிக்காதா, பெருநாச்சி?”

“ஊர் சிரித்து முடித்துவிட்டது, மகாராஜா. அவிழ்த்துவிட்டால் வேலையைப் பார்க்கப் போகும்.”