விழுங்கிய சொல்

மாடும் குருவியும் ஒன்றோடொன்று வாய் பேசிய காலத்தில், மாடுகளுக்கு இரண்டாம் முறை மெல்லும் வழக்கமே கிடையாது. விழுங்கினால் விழுங்கியதுதான். காதில் விழுந்த சொல்லும் அப்படித்தான், போனது போனதுதான்.

அந்த வருஷம் எட்டு மாதம் மழை இல்லை. அந்தப் பட்டினியிலும் செவலை என்ற பசு ஒரு கன்றை ஈன்றிருந்தாள். நெற்றியில் வெள்ளைப் பொட்டு இருந்ததால் அதற்குச் சுட்டி என்று பெயர். முன்பு பிறந்த இரண்டும் தங்கவில்லை என்பதால் சுட்டி என்றால் அவளுக்கு உயிர்.

கடைசியில் ஒரு கோடைமழை பெய்தது. வற்றிக் கிடந்த கண்மாயின் கரையில் பச்சைப்புல் தலைகாட்டியது. மந்தை முழுக்க ஓடிப்போய் வாயை வைத்தது.

கரையில் முட்டையிட்டிருந்த ஆட்காட்டிக் குருவி பறந்துவந்து கத்தியது.

"ஏக்கா, கண்மாய்க்குள்ள கன்னுகளை இறங்க விடாதீங்க. மேலதான் காஞ்சு கெடக்கு, உள்ள பூராவும் சேறு. நேத்து ஒரு காட்டுப்பன்னி போச்சு, திரும்பி வரல."

"ம்" என்றாள் செவலை, தலையை நிமிர்த்தாமல். மற்ற மாடுகளும் "ம்" என்றன. பசி காதை அடைத்திருக்கும்போது குருவிப் பேச்சு யாருக்கு வேண்டும்? புல்லோடு புல்லாக அதையும் விழுங்கிவிட்டன.

சற்று நேரத்தில் சுட்டி வந்து அவள் விலாவை முட்டியது.

"அம்மா, தாகமா இருக்கு. நடுவுல தண்ணி மினுங்குது பாரு. குடிச்சிட்டு வரட்டா?"

"போ, போய்க் குடி. என்னை மேய விடு."

சுட்டி துள்ளிக்கொண்டு போனது. "அம்மா!" என்ற அலறல் கேட்டு அவள் நிமிர்ந்தபோது தலை மட்டும்தான் வெளியே தெரிந்தது. செவலை பாய்ந்து இறங்கினாள். நாலு எட்டு வைப்பதற்குள் முழங்கால்வரை புதைந்தாள். இரண்டு எருதுகள் அவள் வாலைக் கடித்து இழுத்துக் கரையேற்றின. அவள் கண்ணெதிரே அந்த வெள்ளைப் பொட்டும் சேற்றுக்குள் போய்விட்டது.

"சொன்னேனே அக்கா, சொன்னேனே!" என்று குருவி அழுதது.

"எப்போ சொன்ன?" என்று கேட்டாள் செவலை. பாவி, அவளுக்கு நிஜமாகவே நினைவில்லை.

வேப்பமரத்தடியில் போய் விழுந்தாள். வயிற்றைக் குமட்டி, காலையில் விழுங்கிய புல் தொண்டையேறி வாய்க்கு வந்தது. அவள் அதை மென்றாள். மென்றுகொண்டிருக்கும்போதே குருவி சொன்னது ஒவ்வொரு சொல்லாகத் திரும்பி வந்தது. கன்னுகளை. இறங்க. விடாதீங்க. கடைசியில், "போ" என்று தன் வாயால் சொன்னதும் வந்தது. மந்தையில் யாரும் அவளைக் குறை சொல்லவில்லை. எல்லாமே "ம்" போட்ட மாடுகள்தானே. ஒவ்வொன்றாக அவள் பக்கத்தில் படுத்து, தாங்கள் விழுங்கியதை மெல்லத் தொடங்கின.

மாடு அவசரமாக மேய்ந்துவிட்டு, நிழலில் படுத்து, தின்றதை மறுபடி வாய்க்குக் கொண்டுவந்து அசைபோடுவது அன்றைக்குத் தொடங்கியதுதான். கேட்ட சொல்லைப் பிறகு தனியாக உட்கார்ந்து நினைத்துப் பார்ப்பதையும் நாம் அசைபோடுவது என்றுதான் சொல்கிறோம். பெரும்பாலும், சேறு மூடிய பிறகு.