மண்ணில் வைத்த வெற்றிலை

போரில் தோற்கும் நிலை வந்த பிறகுதான் அரசருக்கு அடிமைகளின் நினைவு வந்தது. வாளெடுத்து வருகிறவனுக்கு விடுதலை என்று முரசறைந்தார். வென்றார். சொன்னபடி தளைகளையும் வெட்டினார். பத்து ஆண்டு ஆண்டுவிட்டு இறந்தும் போனார்.

இப்போது அவருக்கு நினைவுக்கல். ‘தளையை வெட்டினார், எல்லோரையும் சமமாகக் கண்டார்’ என்று இரண்டு வரி. அதைச் செதுக்க அமைச்சர் தேடி வந்தது கல்தச்சன் ஆதனை. அந்தப் போரில் நின்ற பழைய அடிமை அவன். அவன் கையால் செதுக்கினால்தான் ஊர் நம்புமாம். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க அவன் கையே வேண்டியிருந்தது.

கல் ஓடைக்கரை மடத்தில் வந்து இறங்கியது. ஆதன் அங்கே மடத்துத் தலைவி அம்மையாரின் சீடன். உளியை எடுத்தான், வைத்தான். மறுத்தால் நன்றி கெட்டவன் என்று ஊர் காறித் துப்பும். செதுக்கினால் செத்த தோழர்களின் முகத்தில் இவனே துப்பியதாகும். அம்மையாரிடம் போனான்.

“தளையை வெட்டினது உண்மைதான், தாயே. இல்லையென்று சொன்னால் என் நாக்கு அழுகிப்போகும். ஆனால் மனசுக்குள்ளே எங்களை அவர் என்னவென்று நினைத்தார்?”

“போருக்குப் போன காலையில் உனக்கு வெற்றிலை எப்படி வந்தது?”

படைக்குப் புறப்படும் ஒவ்வொருவனுக்கும் அரசர் தம் கையால் வெற்றிலை தருவது அந்த நாட்டு வழக்கம். மற்றவர்களுக்குக் கையில் தந்தார். ஆதனின் கூட்டத்தார் கை நீட்டியபோது மண்ணில் வைத்து, எடுத்துக்கொள்ளச் சொன்னார். தமக்காகச் சாகப் போகிறவனைத் தொடக்கூட அந்தக் கை கூசியது. இதை ஆதன் ஆத்திரத்தோடு சொல்லி முடித்தான்.

கல்லோடு வந்து வெளியே காத்திருந்த அமைச்சரை அம்மையார் உள்ளே அழைத்தார். வந்தவருக்கு வெற்றிலை எடுத்தார். அமைச்சர் கை நீட்டினார். அம்மையார் குனிந்து அதை அவர் காலடி மண்ணில் வைத்தார்.

அமைச்சரின் முகம் சிவந்தது. “என்னை நாயென்று நினைத்தீர்களா?”

அம்மையார் ஆதனைப் பார்த்தார். “நீ கேட்டதற்கு அமைச்சரே பதில் சொல்லிவிட்டார்.”

அமைச்சர் மண்ணில் கிடந்த வெற்றிலையைத் தொடவில்லை. பிறகு, என்ன இருந்தாலும் விடுதலை தந்தவர், நன்றி வேண்டாமா என்று முணுமுணுத்தார்.

“வேண்டும்” என்றார் அம்மையார். “ஆதா, முதல் வரியை ஆழமாகச் செதுக்கு.”

“இரண்டாவது வரி, தாயே?”

“அந்த இடத்தில் ஒரு வெற்றிலை செதுக்கு. மண்ணில் கிடக்கட்டும்.”