முதுகு காட்டிய ஊர்

தலைமை நீதிபதி சேந்தர் குன்றின் மேல் ஏறி வந்தபோது காரியம்மை கேழ்வரகு மாவு சலித்துக்கொண்டிருந்தாள். சேந்தருக்குத் தலை முழுக்க நரைத்துவிட்டது. காரியம்மைக்கு அவர் மகள் வயதுதான் இருக்கும். ஆனாலும் அவள்தான் குரு, அவர்தான் சீடர். வணங்கிவிட்டுத் தரையில் உட்கார்ந்தார்.

"அரசன் என்னிடம் ஒரு முடிவு கேட்டிருக்கிறான், அம்மா."

"சொல்லுங்கள்."

"துறைமுகத்தில் குடியிருக்கும் துறையாரைப் பற்றி. அவர்கள் முன்னோர் எப்போதோ கப்பலில் வந்து இறங்கியவர்கள். பூனைக்கண், செம்பட்டை முடி. இப்போது சந்தையில் அவர்களைப் பிணந்தின்னிகள் என்று கூப்பிடுகிறார்கள். இடுகாட்டைத் தோண்டித் தின்கிறார்களாம். கேட்கிறவர்கள் சிரிக்கிறார்கள். இந்தப் பேச்சைச் சட்டம் போட்டுத் தடுக்க வேண்டுமா, கூடாதா? சபை இரண்டாக நிற்கிறது."

"நீங்கள் எந்தப் பக்கம்?"

"கூடாது என்கிற பக்கம். சொல் பட்டு யாருக்கும் மண்டை உடைவதில்லை. இன்றைக்கு இந்த வாயைப் பூட்டினால், நாளைக்கு வரி அதிகம் என்று சொல்கிற வாயையும் அதே பூட்டால் பூட்டுவார்கள். நான் அரசர்களோடு பழகியவன். பூட்டு கைக்கு வந்தால் சும்மா இருக்க மாட்டார்கள்."

காரியம்மை சல்லடையைத் தட்டி ஓரமாக வைத்தாள்.

"அந்தப் பயம் சரிதான். செருப்பை மாட்டிக்கொள்ளுங்கள். கிழக்கே ஒரு ஊர் இருக்கிறது. அங்கே அப்படி ஒரு சட்டம் எப்போதும் இருந்ததில்லை."

உச்சிவெயிலில் போய்ச் சேர்ந்தார்கள். ஊர் எல்லையில் நீளமாக ஒரு தெரு. கதவுகள் எல்லாம் திறந்திருந்தன. ஒரு வீட்டிலும் ஆள் இல்லை. ஒரு வீட்டில் அடுப்புக்குள்ளேயே எருக்கு முளைத்து, கூரை ஓட்டை வழியாக வெளியே தலை நீட்டியிருந்தது. ஒரு வாசலில் மீன்வலை தொங்கியது. சேந்தர் தொட்டதும் பொடியாக உதிர்ந்தது.

தெரு முடிந்த இடத்தில் சந்தை. அங்கே நல்ல கூட்டம். ஒருவன் மேடைமேல் நாலுகாலில் தவழ்ந்து, பிணந்தின்னிகள் எப்படிப் புதைகுழியை மோப்பம் பிடிப்பார்கள் என்று நடித்துக் காட்டினான். பெண்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள்.

சேந்தர் வளையல் விற்கிறவளிடம் கேட்டார். "அந்தத் தெருவில் இருந்தவர்கள் எங்கே?"

"துறையாரா? போய்விட்டார்கள்."

"அடித்துத் துரத்தினீர்களா?"

அவளுக்குக் கோபம் வந்தது. "சீ! எங்களை என்னவென்று நினைத்தீர்கள்? ஒரு விரல்கூட அவர்கள்மேல் பட்டதில்லை. பேசுவோம், அவ்வளவுதான். கடைசியில் அவர்கள் வீட்டுக் குழந்தை ஒன்று செத்தது. புதைக்கத் தூக்கிக்கொண்டு போனபோது, 'ராத்திரிச் சாப்பாடா?' என்று யாரோ கேட்டார்கள். வேடிக்கைக்குத்தான். மறுநாள் விடிந்து பார்த்தால் தெருவே காலி."

"எப்போது நடந்தது இது?"

"எனக்குக் கல்யாணம் ஆவதற்கு முன்னால்."

"அவர்களே இல்லை. இன்னும் எதற்கு இந்தக் கூத்து?"

அவள் குனிந்து அவர் முகத்தை உற்றுப் பார்த்தாள்.

"உங்கள் கண் ஏன் இப்படி வெளுத்திருக்கிறது?"

மேடைமேல் இருந்தவன் தவழ்வதை நிறுத்தினான். ஒவ்வொரு கடையாகச் சத்தம் அடங்கியது. எல்லோரும் சேந்தரைப் பார்த்தார்கள். யாரும் முறைக்கவில்லை. வெகுநாளாகத் தொலைத்துவிட்டுத் தேடிய பொருள் கிடைத்ததுபோல முகம் மலர்ந்து பார்த்தார்கள்.

"நான் தலைமை நீதிபதி," என்றார் சேந்தர்.

"அட, பேசுகிறது!" என்று ஒருவன் கத்தினான். சந்தையே சிரித்தது.

"நான் சொல்வதைக் கொஞ்சம் கேளுங்கள்..."

"பல்லைக் காட்டச் சொல்லு!"

அவர் குரலை உயர்த்த உயர்த்தச் சிரிப்பும் உயர்ந்தது. யாரும் கை ஓங்கவில்லை. மரியாதையாக வழிகூட விட்டார்கள். ஊர் எல்லைவரை பின்னால் வந்தார்கள், மெதுவாக, எல்லோரும் ஒரே தாளத்தில் கை தட்டிக்கொண்டு.

ஊர் மறைந்ததும் சேந்தர் ஒரு புளியமரத்தடியில் உட்கார்ந்தார். காரியம்மை தண்ணீர் கொடுத்தாள்.

"சட்டம் வேண்டும்," என்றார் வாயைத் துடைத்தபடி. "முடிவு செய்துவிட்டேன். திரும்பிப் போகலாம்."

"பூட்டைப் பற்றிச் சொன்னீர்களே, அந்தப் பயம் போய்விட்டதா?"

"போகவில்லை. இது அதைவிடப் பெரிய பயம்."

"இன்னும் கொஞ்சம் நடக்க முடியுமா? அந்தச் சட்டத்தைப் போட்ட ஊர் ஒன்றும் இந்த வழியில்தான் இருக்கிறது."

வழியில் தங்கி, காலையில் அந்த ஊருக்குள் நுழைந்தார்கள். துப்புரவான ஊர். சுவர்களுக்கெல்லாம் புதிதாகச் சுண்ணாம்பு அடித்திருந்தது. துறையாரை இழித்துப் பேசினால் சிறை என்று நுழைவாயிலில் கல்லில் வெட்டியிருந்தார்கள். எதிரே வந்தவர்கள் எல்லோரும் வணக்கம் சொன்னார்கள். நடுவில் பெரிய கிணறு, அதைச் சுற்றிக் கடைகள். பேரம், சிரிப்பு, குழந்தை அழுகை எல்லாம் எந்தச் சந்தையிலும் கேட்பதுபோலத்தான் கேட்டன.

சேந்தருக்கு மனம் நிறைந்தது. மோர் வாங்கிக் குடித்தார்.

அப்போது துறைமுகப் பக்கத்திலிருந்து செம்பட்டை முடி வைத்த ஒருத்தி குடத்தோடு வந்தாள்.

பேரம் பாதியில் நின்றது. தராசைக் கீழே வைத்தார்கள். மோர் ஊற்றிக்கொண்டிருந்தவன் செம்பைக் கவிழ்த்து வைத்தான். யாரும் யாருக்கும் சைகை செய்யவில்லை. கடைக்காரரும் வாங்க வந்தவரும் கிழவரும் கைக்குழந்தைக்காரியும் ஒரே நேரத்தில் திரும்பி, ஆளுக்கொரு சுவரைப் பார்த்தபடி நின்றார்கள். ஒருவர் வாயிலிருந்தும் ஒரு சொல் வரவில்லை. கிணற்று உருளை கிறீச்சிடும் சத்தம் மட்டும் கேட்டது.

"சேந்தரே," என்றாள் காரியம்மை.

"சொல்லுங்கள், அம்மா."

"அந்தச் சுவரில் என்ன பார்க்கிறீர்கள்?"

அவர் மூக்குக்கு நேராகச் சுண்ணாம்பு வெள்ளையாக இருந்தது. எப்போது திரும்பினார் என்று அவருக்கே தெரியவில்லை. காலைப் பெயர்த்து எடுக்க வேண்டியிருந்தது. திரும்பினார். கிணற்றடிக்குப் போனார்.

அவள் பெயர் பெலிமா. ஒருவர் எதிரே வந்து நின்றதும் பயந்து கயிற்றை விட்டுவிட்டாள். வாளி தண்ணீரில் விழுந்து அதிர்ந்தது.

"பயப்படாதீர்கள், தாயே. நான் வெளியூர். இந்தச் சட்டத்தால் உங்களுக்கு நன்மை உண்டா?"

அவள் முதுகுகளைப் பார்த்தாள். பிறகு தாழ்ந்த குரலில் சொன்னாள். "முன்பெல்லாம் கத்துவார்கள், ஐயா. கத்திக் கத்திக் கடைசியில் எங்கள் கூரையில் நெருப்பு வைத்தார்கள். சட்டம் வந்த பிறகு வீடு எரியவில்லை."

"அப்படியானால் நல்லதுதானே?"

"அதில் முதலில் மாட்டியது யார் தெரியுமா? என் அண்ணன். தன்னை இழிசொல்லால் கூப்பிட்டார்கள் என்று முறையிடப் போனான். அதிகாரி முன்னால் அந்தச் சொல்லைச் சொன்னான். சொன்னதற்காக அவனையே உள்ளே போட்டார்கள். திரும்பி வந்துவிட்டான். ஆனால் இப்போது எதுவுமே பேசுவதில்லை."

சேந்தர் தலையைக் குனிந்துகொண்டார்.

"முன்பு யாருக்குப் பயப்பட வேண்டும் என்று தெரியும், ஐயா. கத்துகிறவனுக்கு. இப்போது எல்லா முதுகும் ஒன்றுபோல இருக்கிறது."

"சட்டத்தை எடுத்துவிடச் சொல்லட்டுமா?"

அவள் கயிற்றை இழுப்பதை நிறுத்தினாள். "எடுத்துவிட்டால், நாளைக்கு நான் எந்த வழியாக வீட்டுக்குப் போவது? அதையும் சொல்லிவிட்டுப் போங்கள்."

அவள் மறுபடி இழுத்துக் குடத்தை நிரப்பினாள். சேந்தர் நிறைந்த குடத்தைத் தூக்கிவிடக் குனிந்தார்.

"தூக்க வேண்டாம், ஐயா. நான் தெருவைத் தாண்டுகிறவரை இந்தப் பக்கம் பார்த்தபடி நில்லுங்கள். போதும்."

சேந்தர் நின்றார். அத்தனை முதுகுகளுக்கும் நடுவில் அவர் ஒருவர் முகம்தான் தெருவைப் பார்த்தது. பெலிமா நடந்தாள். குடத்துத் தண்ணீர் தளும்புவது கடைசிவரை கேட்டது. கூட்டத்தில் ஒரு தலை தோளுக்கு மேலாக மெல்லத் திரும்பி அவரைப் பார்த்தது. மறுபடி சுவரைப் பார்த்துக்கொண்டது.

அவள் மறைந்ததும் எல்லோரும் திரும்பினார்கள். விட்ட இடத்திலிருந்து பேரம் தொடர்ந்தது.

"இன்னும் கொஞ்சம் மோர் ஊற்றட்டுமா, ஐயா?" என்று மோர்க்காரன் சிரித்த முகத்தோடு கேட்டான்.

ஊரைத் தாண்டியதும் சேந்தர் சொன்னார்: "சட்டத்தை எழுதத்தான் போகிறேன், அம்மா. முறையிட வருகிறவனைத் தண்டிக்காதபடி எழுதுவேன். அரசன் வேறு வாய்க்குப் போட முடியாதபடி பூட்டைச் சின்னதாகச் செய்வேன்."

"செய்யுங்கள்."

"அது வாயைத்தான் மூடும். சுவரைப் பார்த்து நிற்கிற முகத்தை எது திருப்பும்?"

காரியம்மை நடையை நிறுத்தவில்லை.

"உங்களுடையதை எது திருப்பியது, சேந்தரே?"