ஆறு காதமா, பதினோரு காதமா

ஆலங்கோட்டை ராஜா வீரசிங்கரின் ஒரே மகளை நெய்தலூரில் கட்டிக்கொடுத்திருந்தார்கள். அவளுக்கு ஆண் குழந்தை பிறந்தது. அந்தச் சேதியைப் புறா அரை நாளில் கொண்டுவந்துவிட்டது. விவரமாக எழுதிய ஓலையோடு ஓலைக்காரன் சடையன் மூன்றாம் நாள்தான் வந்து நின்றான். புதிதாகத் தாத்தாவான ராஜாவுக்கு அது பொறுக்கவில்லை.

மந்திரி அனந்தராயர் இதற்காகவே காத்திருந்தார். சடையன் இருந்த தலைமை ஓலைக்காரன் வேலையில் தன் மைத்துனனை வைக்க வேண்டுமென்று அவருக்கு நெடுநாள் ஆசை.

"மகாராஜா, பறவை பறக்கிற நேர் வழியில் நெய்தலூர் ஆறே காதம். இவர்கள் பதினோரு காதம் சுற்றிக்கொண்டு போகிறார்கள்" என்றார்.

"அப்படியா? நாளை முதல் நேர் வழியிலேயே போகட்டும். ஒரே நாளில் ஓலை சேர வேண்டும். முடியாதவன் வீட்டுக்குப் போகலாம்" என்றார் ராஜா.

சடையன் நேரே அரண்மனை விகடகவி மருதப்பனிடம் ஓடினான்.

"ஐயா, என்னையும் சேர்த்து நாலு குடும்பம் இந்த வேலையை நம்பி இருக்கு. இறக்கைக்கு நான் எங்கே போவேன்?"

மருதப்பன் ஒருமுறை அந்தப் பாதையில் மாட்டுவண்டியில் போய், பத்து நாள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு கிடந்தவர். அவருக்கு மனசு இளகியது. கோட்டைக் கோபுரத்தில் ஏறி நெய்தலூர்த் திசையைப் பார்த்தார். நேர் எதிரே முதலில் தெரிந்தது ராயரின் மாடிவீடு. வந்த சிரிப்பை அடக்கிக்கொண்டு இறங்கினார்.

"சடையா, ராஜா சொன்னபடியே செய். நாளைக் காலையில் நாலு பேரும் ஒருவர் பின் ஒருவராகக் கிளம்புங்கள். கோட்டை வாசலிலிருந்து நேராகப் போங்கள். எது குறுக்கே வந்தாலும் திரும்பாதீர்கள்."

மறுநாள் காலை ராயர் முற்றத்தில் எண்ணெய் தேய்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வாசல் வழியே சடையன் ஓடி வந்தான். "ராஜாங்க ஓலை, வழி விடுங்க" என்று அவரைத் தாண்டி, சமையலறையில் புகுந்து, கொல்லைப்பக்கம் போய்விட்டான். ராயர் வாசற்கதவைச் சாத்தச் சொன்னார். இரண்டாமவன் ஏணி வைத்துக் கூரையேறி முற்றத்தில் குதித்தான். மூன்றாமவன் குதித்தபோது எண்ணெய்க் கிண்ணம் உருண்டது. நாலாமவனுக்கு ராயர் காத்திருக்கவில்லை. எண்ணெய் வழிய வழிய சபைக்கு ஓடினார்.

"மகாராஜா, ஓலைக்காரர்கள் என் வீட்டுக்குள் புகுந்து ஓடுகிறார்கள்."

ராஜா மருதப்பனைப் பார்த்தார். மருதப்பன் பணிவாக எழுந்தார்.

"ராயர் சொன்ன ஆறு காத வழி அவர் வீட்டு முற்றத்தின் வழியாகத்தான் போகிறது, மகாராஜா. புறா மேலே போயிற்று. சடையன் கீழே போகிறான்."

"என் வீட்டைச் சுற்றிக்கொண்டு போகச் சொல்லுங்கள், மகாராஜா" என்று கெஞ்சினார் ராயர்.

"ஆகட்டும்" என்றார் மருதப்பன். "ராயர் வீட்டைச் சுற்றியாயிற்று. அடுத்து ஒரு ஏரி இருக்கிறது, அப்புறம் ஒரு மலை, ஒரு புலிக்காடு. அவையும் இதையேதான் கேட்கின்றன. ராயருக்குக் கொடுத்த சலுகையை அவற்றுக்கும் கொடுத்துவிட்டால், சரியாகப் பதினோரு காதம் வரும்."

ராஜா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். உத்தரவு அங்கேயே ரத்தாயிற்று. சடையனுக்கு ஒரு குதிரை கிடைத்தது. மருதப்பனுக்கு, பேரனைப் பார்க்கப் போகும் ராஜாவின் பக்கத்துப் பல்லக்கில் இடம் கிடைத்தது.