மூன்றாவது கிழங்கு

மழையும் காற்றும் மனிதரோடு வாய்விட்டுப் பேசிக்கொண்டிருந்த முன்னொரு காலத்தில், செந்தேரி என்று ஒரு நாடு இருந்தது. நாடு என்றதும் பெரிதாக நினைத்துவிடாதீர்கள். காலையில் கிளம்பினால் மத்தியானச் சோற்றுக்குள் சுற்றி வந்துவிடலாம். எங்கே பார்த்தாலும் பனை, பனை, பனை.

முதலில் அங்கே பனை கிடையாது. பேராசை பிடித்த ஓர் அரசன் இருந்த மரத்தையெல்லாம் வெட்டித் தீர்த்துவிட்டான். மண் செத்துப்போனது. செம்மணல் எழுந்து வீடுகளை மூடியது. அந்த மணலை ஆண்டவன் புழுதிவாயன் என்ற மந்திரவாதி. அப்போது ஒரு புலவர் வந்தார். அரண்மனையில் பாடிப் பரிசு வாங்குவதை விட்டுவிட்டு, மணலில் பனங்கொட்டை ஊன்றினார். பல வருடம் ஊன்றினார். மரம் எழுந்தது, மணல் அடங்கியது.

தோற்றுப்போன புழுதிவாயன் போகிற போக்கில் ஒரு நிபந்தனை வைத்தான். "இந்தச் சனம் உம்மை நினைவில் வைத்திருக்கிற வரை நான் வரமாட்டேன். மறந்த அன்றைக்கு அத்தனை மரமும் எனக்கு." புலவர் சிரித்துக்கொண்டே சம்மதித்தார்.

நூறு வருடம் போனது. மணல்மேட்டை ஒட்டி, ஊரின் கடைசி வீட்டில் தங்கக்கனி இருந்தாள். பனங்கிழங்கு அவித்து விற்பவள். ஒரு நாள் காலையில் செக்கச்செவேலென்று ஒரு காற்று வீசியது. ஊரே மூன்று தும்மல் போட்டது. தும்மி முடித்தபோது புலவரின் பெயர் ஒருவருக்கும் நினைவில் இல்லை. இல்லாமல் போயிருந்தால்கூடப் பரவாயில்லை. ஆளுக்கு ஒரு பொய்ப் பெயர் வந்து உட்கார்ந்துகொண்டது.

மணல்மேட்டில் புழுதிவாயன் நின்றான். "நாளை உச்சிவெயிலுக்குள் அவரை நினைவிருக்கிறது என்று காட்டுங்கள். தப்பாகச் சொன்னால், ஒரு தப்புக்கு ஒரு மரம்" என்றான்.

தங்கக்கனியின் புருஷன் வேலாண்டி முந்திக்கொண்டான். "இதுல என்ன இருக்கு? செவ்வந்திப் புலவர். குடுமி வச்சவர்."

ஒரு பனை மணலுக்குள் இறங்கிக் காணாமல் போனது.

"குடுமியா? சுத்த மொட்டை வே. பேரு பெரியநம்பி" என்றார் ஊர்த்தலைவர்.

இன்னொரு பனை போனது.

"அண்ணாச்சி, ரெண்டு பேரும் சும்மா இருங்க. அவுக பொம்பளைல்லா" என்றாள் தங்கக்கனி. மூன்றாவது பனையும் போனது. அது அவள் வாசல் பனை. அது இருந்த இடத்தின் வழியாக மணல் சலசலவென்று அவள் அடுப்படிக்குள் வந்தது.

தங்கக்கனி வாசலில் அப்படியே உட்கார்ந்தாள். சத்தியம் செய்யத் தயாராக இருந்தாளே, அது எப்படித் தப்பாகும்? கண்ணை மூடினால் கொண்டை போட்ட ஒரு பெண்புலவர் தெரிந்தார். திரும்ப மூடினால் மொட்டைத்தலை தெரிந்தது. இன்னொரு தரம் மூடினால் தன் மாமனார் முகமே தெரிந்தது. எதை நம்புவது? வாயைத் திறக்கவே பயமாக இருந்தது. வீடு போய்விடுமே என்று அழுகை வந்தது.

மறுநாள் காலையில், மிச்சமிருந்த பனைகளில் ஒன்றின் கீழே போய் நின்றாள். ஓலையில் கூடு கட்டியிருந்த உழவாரக் குருவி எட்டிப் பார்த்தது.

"குருவியே, உனக்காவது அவுக பேரு தெரியுமா?"

"தெரியாது" என்றது குருவி.

"மொகம் தெரியுமா?"

"தெரியாது."

"பெறகு உனக்கு என்னதான் தெரியும்?"

"கூடு கட்டத் தெரியும். யார் சொல்லிக் கொடுத்தது என்று கேட்காதே, எனக்குக் குழம்பிவிடும்."

இது என்ன பதில் என்று தங்கக்கனிக்கு எரிச்சலாக வந்தது. கவலையிலும் கை சும்மா இருக்காதே. பனங்கொட்டை ஊன்றி முளைக்கவிட்ட கிழங்குப் பாத்தியில் உட்கார்ந்து பிடுங்க ஆரம்பித்தாள். ஒன்றைப் பிடுங்கினாள். இரண்டாவதைப் பிடுங்கினாள். மூன்றாவதை விட்டுவிட்டு, அதன் தலையில் ஒரு கைப்பிடி மண்ணைத் தள்ளினாள். மறுபடி ஒன்று, இரண்டு, மூன்றாவதற்கு மண். பாதிப் பாத்தி வந்ததும் அப்படியே நின்றாள். நான் ஏன் மூன்றாவதை விடுகிறேன்? ஊரே இப்படித்தானே பிடுங்குகிறது, யார் சொல்லிக் கொடுத்தது?

உச்சிவெயில் வந்தது. புழுதிவாயனும் வந்தான்.

"பேரு தெரியாது. மொகமும் தெரியாது. ஆனா எங்க கைக்கு நெனவிருக்கு" என்றாள் தங்கக்கனி. "நீரே மூணு பேரைக் கூப்பிடும். கண்ணைக் கட்டி, கிழங்கு பிடுங்கச் சொல்லும்."

புழுதிவாயன் ஊர்த்தலைவரைக் கூப்பிட்டான். ஒன்று, இரண்டு, மூன்றாவதற்கு மண். வேலாண்டியைக் கூப்பிட்டான். ஒன்று, இரண்டு, மூன்றாவதற்கு மண். புழுதிவாயன் முகம் கறுத்தது. கூட்டத்தைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தான். வாழ வந்து எட்டே நாளான மாடத்தியை விரலால் காட்டினான்.

தங்கக்கனி பாத்திக்குப் பக்கத்தில் ஓடிவந்தாள். வெளியூர்ப் பெண் ஆயிற்றே.

மாடத்தி ஒன்றைப் பிடுங்கினாள். இரண்டாவதைப் பிடுங்கினாள். மூன்றாவதையும் பிடித்து இழுக்கப் போனாள். சட்டென்று கையை எடுத்து, மண்ணைத் தள்ளினாள்.

"ஏன் விட்டாய்?" என்று கத்தினான் புழுதிவாயன்.

"முந்தாநாளு பிடுங்கப் போனேன். அத்தை என் கையில ஒரு அடி போட்டாவ. ஏன்னு கேட்டேன், அவுகளுக்கும் தெரியல" என்றாள் அவள்.

புழுதிவாயன் ஒரு தும்மல் போட்டான். இன்னொன்று. மூன்றாவது தும்மலில் அவனே தூளாகிப் பறந்துபோனான். மணலுக்குள் போன மூன்று பனையும் குலையோடு மேலே வந்தன.

பெயரும் திரும்பி வந்தது. மாசானம். குடுமியும் இல்லை, மொட்டையும் இல்லை, கொண்டையும் இல்லை. சாதாரணக் கிராப்புத் தலை. கூடவே எல்லாருக்கும் அந்தக் காலத்துச் சங்கதியும் நினைவுக்கு வந்தது. அவர் ஊன்றிய கொட்டை முளைவிட்டதும், பசி தாங்காத சனம் கிழங்கைத் தோண்டித் தின்றுவிட்டது. முதல் வருடமும் தின்றது, இரண்டாம் வருடமும் தின்றது. பசித்தவரை எப்படித் திட்டுவது? மூன்றாம் வருடம் புலவர் தானும் கூட உட்கார்ந்து பிடுங்கினார். பிடுங்கிக்கொண்டே பாடினார்:

"ஒண்ணு உனக்கு,
ஒண்ணு எனக்கு,
மூணாவது மண்ணுக்கு."

மண்ணுக்கு விட்ட கிழங்கெல்லாம் மரமானது. அரசர்களுக்கு அவர் பாடிய ஆயிரம் பாட்டில் ஒன்றுகூட மிஞ்சவில்லை. இது மிஞ்சியது.

இரண்டே நாளில் ஊர்த்தலைவர், "மாசானமா, மாசிலாமணியா?" என்று தலையைச் சொறிய ஆரம்பித்துவிட்டார். தங்கக்கனி பயப்படவில்லை. மணல் வாரிய அடுப்படியில் உலையை ஏற்றிவிட்டுப் பாத்திக்குப் போனாள். ஒன்று, இரண்டு, மூன்றாவதற்கு ஒரு கைப்பிடி மண். கேட்ட உங்கள் வீட்டுப் பானையிலும் கிழங்கு வேகட்டும்.